தோணி

மட்டக்களப்புப் பழுகாமத்தில் எங்களுக்கு யோகா பழக்க இந்தியாவிலிருந்து வந்தவர் வேதமூர்த்தி மாஸ்டர். முதல்நாள் வகுப்பு முடிகிற நேரம், "சவாசனம். எல்லாரும் பிணம் மாதிரி படுங்க" என்றார்.

இரத்தினம்மா மாமி பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பினா.

"ஊருக்குள்ள கிடக்கிற பிணம் போதாதா? வேற பேர் வைங்க!"

மாஸ்டர் முகம் கறுத்து வெளியே பார்த்தார். வாவியில் வெறுந்தோணி ஒன்று ஆடிக்கொண்டு கிடந்தது.

"சரிம்மா. தோணி மாதிரி படுங்க."

மாமி பாயை விரித்தா.

பிறகு மாமியை ஷெல் குண்டு கொண்டுபோனது. மாஸ்டர் ஐரோப்பாவுக்குப் போனார். நானும் சுவிசுக்கு ஓடிவந்தேன். ஊரில் சண்டை ஓயவில்லை.

மாஸ்டரிடம் படித்த வெள்ளைக்காரி இங்கே வகுப்பு நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஜெர்மன் பாஷையில் ஒரு மணித்தியாலம் முதுகை முறித்தாள். எரிச்சலோடு எழும்பப் பார்த்தேன். அவள் விளக்கைத் தணித்து, தமிழில் மெல்லச் சொன்னாள்:

"தோணி."