மீனுக்குத் தனி அறை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. கடல் இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் வாசல் லாபியில் ஆறடி நீளத்துக்குக் கடல்நீர் மீன்தொட்டி உண்டு. பக்கத்துக் குடியிருப்பில் செயற்கை அருவி வைத்துவிட்டார்கள், நாம் மட்டும் சும்மா இருக்கலாமா என்று சங்கத் தலைவர் திருமுருகன் கேட்டதன் விளைவு. மொத்தம் ஏழு மீன். அவற்றைப் பார்த்துக்கொள்வது லாபியைப் பெருக்கித் துடைக்கிற சொர்ணம்.

தொட்டியின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் கப் தொங்கும். மீன் கழிவெல்லாம் நுரையாகத் திரண்டு அதில் சேரும். பழுப்பு நிறம், நாற்றம் வேறு. சொர்ணம் தினமும் காலையில் அதைக் கழுவி மாட்டுவாள். லாபியில் எடுத்த திருமுருகன் மகளின் நிச்சயதார்த்தப் போட்டோவில் மாப்பிள்ளையின் தோளுக்கு மேல் அந்தக் கப் பளிச்சென்று விழுந்துவிட்டது. அடுத்த ஞாயிறே பொதுக்குழு கூடியது. லிஃப்ட் நாலு மாதம் படுத்துக் கிடந்தபோது கூடாத பொதுக்குழு.

பூந்தமல்லியில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஜாபஸ் வந்து, கப்பை மறைக்க ஒரு சம்ப் வைத்தால் போதும் என்று விளக்கினார்.

"சம்ப்புன்னா தரைக்கடியில தோண்டுற சம்ப் இல்ல சார். இது இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேல இருக்கிற தண்ணி பைப் வழியா அதுல எறங்கும். அங்க அழுக்கு எடுத்ததும் மோட்டார் திரும்ப மேல ஏத்திடும். அந்தக் கப்பும் அங்கயே போயிடும். வெளிய மீன் மட்டும்தான் தெரியும்."

"மீனுக்கு அட்டாச்டு பாத்ரூம்னு சொல்லுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இந்த மாதிரி குத்தலாகப் பேசுவதில் வேதமுத்துவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எங்கள் பிளாக்கில் எனக்குப் பெயர்.

இரண்டு மணி நேரம் பேசினார்கள். சம்ப் வைத்தால் மீனுக்கு மன உளைச்சல் குறையுமா என்று ஒருவர் கேட்டார். அழுக்குத் தண்ணீரில் பாவம் எப்படித்தான் மூச்சு விடுதோ என்று ஓர் அம்மாள் கண் கலங்கினார். வைப்பது என்று முடிவானது. எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. தொட்டியின் மேடை முழுக்கக் கட்டடம், மேலே கிரானைட், உள்ளே இடமே கிடையாது. ஜாபஸ் பின்சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பின்னாடி இன்னா சார் கீது?"

மாடிப்படிக்குக் கீழே வேலையாட்களின் கழிவறை இருந்தது. குழாய், வடிகால், பிளக் பாயிண்ட் எல்லாம் தயார். இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்றார் ஜாபஸ். கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். என் ஒரு கை கீழே இருந்தால் மட்டும் என்ன மாறிவிடப் போகிறது?

டீ கொடுத்துக்கொண்டிருந்த சொர்ணம் தட்டோடு நின்றாள்.

"அப்போ நான் எங்க சார் போறது? வாச்மேன் ஆம்பள, எங்கனா ஓரமா ஒதுங்கிடுவாரு."

"இருபத்துநாலு வீடு இருக்கேம்மா. யாராவது விடமாட்டாங்களா?" என்று திருமுருகன் கூட்டத்தை முடித்தார்.

ஒரே வாரத்தில் சம்ப் வந்தது. அந்த அறைக்குப் புது டைல்ஸ் போட்டார்கள், எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டினார்கள். மூன்று வருடமாகச் சொர்ணம் கேட்டுக்கொண்டிருந்த அதே ஃபேன். அந்த வாரம் முழுக்க அவள் நெடுஞ்சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் பங்குக்குப் போய்வந்தாள்.

பிறகு தலைவரின் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு 101ஆம் வீட்டின் மணியை அடித்தாள். அது திருமுருகன் வீடு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றார்கள். செவ்வாய் 102. அங்கே நாய் கடிக்குமாம். அந்த நாய்க்குத் தினமும் பிஸ்கட் போடுவதே சொர்ணம்தான். புதன் 103. உள்ளே விட்டார்கள், அவள் போனபின் ஊற்றிய பினாயில் வாடை மாலைவரை வராந்தாவில் நின்றது. இவர்களெல்லாம் மனுஷ ஜென்மமா என்று மனைவி ஜெபிஷாவிடம் கத்தினேன்.

"நாளைக்கு நம்ம வீடு" என்றாள் ஜெபிஷா.

அன்று மாலையே குமணன்சாவடிக்குப் போய் ஒரு புது பக்கெட்டும் பச்சை நிற மக்கும் வாங்கி வந்தேன். சொர்ணத்துக்கும் கூச்சமில்லாமல் இருக்கும் என்று ஜெபிஷாவிடம் விளக்கினேன். அவள் எங்கள் பழைய பக்கெட்டையும் மக்கையும் படுக்கையறைக் குளியலறைக்கு மாற்றினாள்.

வியாழக்கிழமை மணி அடித்ததும் ஓடிப்போய்த் திறந்தேன்.

"வா சொர்ணம். உனக்குன்னே புதுசா வாங்கி வெச்சிருக்கேன்" என்று குளியலறைக் கதவையும் நானே திறந்துவிட்டேன்.

அவள் வாசற்படியில் நின்றபடி எட்டிப் பார்த்தாள். மக்கில் கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை.

"நீங்க பொழங்குற மக்கு எங்க சார்?"

"அது... உள்ள இருக்கு."

"நான் தொட்டா இன்னா சார் ஒட்டிக்கும்? மீனு பீய டெய்லி கையால கழுவுறேன். அன்னிக்கு மீட்டிங்ல அதே கையாலதான் உங்களுக்கு டீ குடுத்தேன். குடிச்சீங்களே."

நான் குனிந்து மக்கின் ஸ்டிக்கரைக் கிழிக்க ஆரம்பித்தேன்.

"வேணாம் சார். நான் பங்குக்கே போய்க்கிறேன்."

பால்கனிக்கு வந்து பார்த்தேன். லாரிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டே அவள் நெடுஞ்சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. யார் கேட்டாலும் அதைச் சொல்லிவிடுவேன். யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. அவள் படியிறங்கும் சத்தம் கேட்டபோது, வெட்கத்துக்கும் முன்னால், அப்பாடா என்று இருந்தது.