நடு வரிசைக் கொக்கி

"எந்த வரிசை?"

"நடு."

அந்த வீட்டில் ஒரு நாளைக்கு நிச்சயமாக நடக்கும் பேச்சு இவ்வளவுதான். டிரைவர் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று, பிராவின் இரண்டு கொக்கிகளையும் நடு வரிசை வளையங்களில் மாட்டிவிடுவார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். முதல் கொக்கி சட்டென்று மாட்டிவிடும். இரண்டாவது நழுவும். நழுவும்போதெல்லாம் அவருடைய மூச்சு அவள் கழுத்தில் படும். மாட்டி முடித்ததும் "ம்" என்பார். பிறகு பஸ் டிப்போவுக்குக் கிளம்பிவிடுவார்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். மகள் கல்யாணமாகித் தொலைவுக்குப் போன பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது, இத்தனை வருஷமும் தாங்கள் பேசியதெல்லாம் அவளைப் பற்றித்தான் என்று. அவளுடைய காய்ச்சல், அவளுடைய பரீட்சை, அவள் இன்னும் வரவில்லையே என்ற கவலை. அவள் போனபோது பேச்சும் பெட்டி கட்டிக்கொண்டு கூடவே போய்விட்டது. காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்று சொல்லி, அவர் மகளின் அறையில் படுக்க ஆரம்பித்தார். மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கோடையில் அவளுடைய வலது தோள் இறுகிப் போனது. கை பின்னால் போகவில்லை. "தானா சரியாகும், வருஷம்கூட ஆகலாம்" என்றார் டாக்டர். ஒரு நாள் காலை, கம்பெனி வேன் வரும் நேரத்தில், கண்ணாடி முன் நின்று கொக்கியோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போய் "ஏங்க" என்று கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டுப் பல வாரங்கள் ஆகியிருந்தன. என்னவோ ஏதோ என்று அவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். அன்று தொடங்கியது இது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வேலை பார்ப்பதே பிரா தைக்கிற கம்பெனியில். செக்கர். மேஜையில் வந்து குவிவதை இழுத்துப் பார்த்து, தையலைத் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். ஓடி ஆடுகிறவர்களுக்கு இறுக்கிப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா, மெல்லிய துணிக்குள் தையல் தெரியாத டி-ஷர்ட் பிரா, தோள் தெரியும் உடைக்கு ஸ்ட்ராப் இல்லாதது, பால் கொடுக்கிறவர்களுக்குக் கப்பை மட்டும் கழற்றும் ஃபீடிங் பிரா, மார்பில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு உள்ளே பஞ்சு வைக்கப் பை தைத்தது. கையைப் பின்னால் கொண்டுபோக முடியாதவர்களுக்கு, முன்பக்கம் கொக்கி வைத்ததும் உண்டு. அதுவும் கட்டுக்கட்டாக அவள் கையைத் தாண்டித்தான் போனது.

பக்கத்து மேஜைக்காரிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். திருகி நிறுத்த வழியில்லாத ரேடியோ.

"ஏன்க்கா, சாவியைக் கையில வச்சுக்கிட்டு யாராவது கதவைத் தட்டிக்கிட்டு நிப்பாங்களா? முன்கொக்கியில ரெண்டு எடுத்துக்கயேன்."

"அது எனக்கு உறுத்தும்."

"சரி, முன்னாடி மாட்டிட்டுப் பின்னாடி சுத்தி விட்டுக்க. பாதிப் பேர் அப்படித்தான் போடுறோம்."

"சுத்தினா எலாஸ்டிக் போயிடும்."

"அடேயப்பா, எலாஸ்டிக் மேல என்னா பாசம்!" என்று ரேடியோ சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதிசயமாக வாயை மூடிக்கொண்டாள்.

அந்த இரண்டு கொக்கி நேரத்தைத் தவிர அவளை யாரும் தொடுவதில்லை. இதை எப்படி ரேடியோவிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிரைவர் ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். மேஜையிடமே பேசினார்.

"நாளையிலேருந்து முதல் பஸ் எனக்கு. நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே போயிடுவேன். அதான்... முன்னாடி கழட்டுற மாதிரி இருக்காமே. இனிமே நீயாவே போட்டுக்கலாம்."

"கடைக்கு நீங்களா போனீங்க?"

"பின்ன? உள்ள பூரா பொம்பளைங்க. யாரையும் எதுவும் கேக்கல. அட்டைப் படத்துல முன்னாடி கிளிப்பு தெரிஞ்சுது, எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அளவு உன் பழசுல பாத்தேன்."

"சரி" என்றாள்.

முதல் பஸ்ஸை டிப்போவில் அவர்களாகக் கொடுத்தார்களா, இவர் கேட்டு வாங்கினாரா? அவள் கேட்பதற்குள் அவர் மகளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தன் அறையில், கட்டிலில் உட்கார்ந்து பையைப் பிரித்தாள். உள்ளே இருந்தது ஃபீடிங் பிரா. ஐம்பது வயதுக்காரிக்கு! ஸ்ட்ராப்பில் கிளிப்பை அழுத்தினால் கப் மட்டும் கீழே இறங்கியது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தாள். சேர்ந்து சிரிக்கப் பக்கத்தில் ஆளில்லை. சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது.

பிராவை மடியில் புரட்டினாள். பின்பக்கம் வழக்கம் போல இரண்டு கொக்கி, மூன்று வரிசை வளையம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியும் முன்பு டிரைவர் கூடத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்து முதுகைக் காட்டி நின்றாள்.

"தூங்கலையா நீ?"

"இதுக்கும் பின்னாடிதான் கொக்கி."

"முன்னாடி கிளிப்பு இருந்துச்சே?"

"அது பால் குடுக்கிறவங்களுக்கு."

பின்னால் ஒரு செருமல், அதற்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. "பில் போட்ட பொண்ணு ஏன் என்னை அப்படிப் பாத்துச்சுன்னு இப்பத்தானே புரியுது."

அவளும் சிரித்தாள். தோள் வலித்தது.

"மாத்திட்டு வரவா?"

"வேண்டாம்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "முதல் பஸ் நீங்களா கேட்டு வாங்கினதா?"

"இதைப் போய் யாராவது கேட்டு வாங்குவாங்களா? தலையில கட்டிட்டாங்க." அவர் அருகில் வந்தார். "எந்த வரிசை?"

"புதுசுல வெளி வரிசை. தளரத் தளர உள்ள வரணும்."

"ஓ. மூணு வரிசையும் முடிய எவ்வளவு நாளாகும்?"

"ஒழுங்காத் துவைச்சா ஒரு வருஷம் வரும்."

முதல் கொக்கி மாட்டியது. இரண்டாவது நழுவியது. மறுபடியும் நழுவியது. பிறகு "ம்" என்றார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வேன் வர இன்னும் வெகுநேரம் இருந்தது. அவள் விளக்கைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வீடு எப்போதும் போல அமைதியாக இருந்தது. தெருமுனையில் முதல் பஸ் திரும்பிப் போவது கேட்டது. அந்தச் சத்தம் தேய்ந்து மறைந்ததும் போனை எடுத்து, இன்றைக்கு மட்டும் என்று வைத்திருந்த அலாரத்தைத் தினமும் என்று மாற்றினாள்.