டி டிரைவுக்கு மாற்றியது

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. புதிதாக விண்டோஸ் போடவேண்டும் என்றால், வேண்டியதையெல்லாம் டி டிரைவுக்கு மாற்றிவிட்டுத்தான் லேப்டாப்பைக் கொண்டுவர வேண்டும். சி டிரைவை நான் சுத்தமாகத் துடைத்துவிடுவேன். பென்னாகரத்தில் பத்து வருஷமாக இதையே சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

பூவரசனுக்கு ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை. அவர் மனைவி சுகுணா போன ஆடியில் புற்றுநோயில் இறந்துபோனார். சாகும் முன், மகள் சுசித்ராவின் ஆறாவது பிறந்தநாளிலிருந்து பதினெட்டாவது வரைக்கும், வருஷத்துக்கு ஒன்றாகப் பதின்மூன்று வீடியோ பேசி வைத்தார். எல்லாம் அவர் அன்று என் கடைக்குக் கொண்டுவந்த லேப்டாப்பில் மட்டும்தான்.

"நாளைக்குப் பாப்பாவுக்கு ஆறாவது பொறந்தநாளுங்க. ஆன் பண்ணதும் அவங்கம்மா போட்டோ வரணும், மொத வீடியோ தானா ஓடணும். இப்ப இது ஆன் ஆகவே அரை மணி நேரம் ஆகுதுங்க."

"டி-க்கு மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டனுங்க. நீங்க போன்ல சொன்ன மாதிரியே."

போனில் நான் சொன்ன லட்சணம் எனக்குத் தெரியும். கடையில் நாலு பேர் நின்றார்கள். ஒரே வரியில் சொல்லிவிட்டு, அவர் மறுபடி கேட்டதற்கு எரிந்து விழுந்து போனை வைத்துவிட்டேன்.

டி டிரைவைத் திறந்தேன். 'பாப்பாவுக்கு' என்று மஞ்சளாக ஒரு ஃபோல்டர் இருந்தது. அதைத் திறந்து பார்க்கவில்லை. அவரைச் சாயங்காலம் வரச்சொல்லிவிட்டு சி-யை அழித்தேன்.

அதன் பிறகு எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். விண்டோஸ் போட்டு, தமிழ் எழுத்து ஏற்றி, குழந்தைக்குத் தெரியட்டும் என்று ஐகான்களைப் பெரிதாக்கினேன். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுகுணாவின் படத்தைத் திரை முழுக்க வைத்தேன். கடைசியாக, முதல் வீடியோவை எடுக்க அந்த ஃபோல்டரைத் திறந்தேன்.

திறக்கவில்லை. அப்போதுதான் அதன் மூலையில் இருந்த சின்ன அம்புக்குறியைப் பார்த்தேன்.

அது ஃபோல்டரே இல்லை, வேறெங்கோ இருக்கும் ஃபோல்டருக்கு வழிகாட்டும் வெறும் ஷார்ட்கட். உண்மையான ஃபோல்டர் சி-க்குள் எங்கோ இருந்திருக்கிறது. புருஷன் தேடி அலையக்கூடாது என்று சுகுணா அதற்கொரு ஷார்ட்கட்டை முகப்புத் திரையில் வைத்திருக்கிறார். அதுதான் வீடியோ என்று நினைத்து இவர் அதை மட்டும் டி-க்கு மாற்றியிருக்கிறார். ஒரே ஒரு முறை நான் திறந்து பார்த்திருந்தால் போதும்.

தெரிந்த ரெக்கவரி மென்பொருள் எல்லாம் ஓட்டினேன். ஒன்றும் மீளவில்லை.

ஐந்து மணிக்கு மகளைப் பள்ளிச் சீருடையிலேயே கூட்டிக்கொண்டு வந்தார். திரையில் அம்மாவைப் பார்த்ததும் அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அவரை வாசலுக்கு அழைத்து, வீடியோ எல்லாம் அழிந்துபோய்விட்டது என்று சொன்னேன்.

"நான்தான் மாத்துறதுல ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

நான் பார்க்காமல் அழித்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க, மாத்துனது சரியில்ல," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய் மகள் பக்கத்தில் குந்தினார்.

"அம்மா எப்பப்பா பேசும்?"

"பேசாது சாமி. அப்பா அழிச்சுட்டேன்."

அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.