பேசுங்கள், வெற்றிவேல் ஆன்லைனில் இருக்கிறார்

வெற்றிவேலாக உட்கார்ந்து பதில் எழுதுவதுதான் சிவசங்கரிக்குக் கிடைத்த முதல் வேலை.

வேலை என்று சொல்வதுகூடச் சரியில்லை. அது படிப்பின் ஒரு பகுதி. நூறடி ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்த அந்தக் கல்வி நிறுவனம் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் முதுகலைப் பட்டம், வேலை அனுபவத்துடன்' என்று பலகை மாட்டியிருந்தது. 2009-இல்கூட அந்தப் படிப்பின் பெயர் புதுச்சேரியில் பலருக்குப் புதிது. ஒன்றரை வருடம் வகுப்பு, பிறகு ஆறு மாதம் ஒரு கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனி கையெழுத்துப் போட்டு அனுபவச் சான்றிதழ் கொடுத்தால்தான் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பட்டம் தரும். சான்றிதழ் இல்லையென்றால் இரண்டு வருடமும் தண்ணீரில் போட்ட உப்பு.

எந்தக் கம்பெனி என்று சேரும்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சிவசங்கரியின் அப்பா கிருஷ்ணசாமிக்கும் தோன்றவில்லை. மில் மூடிய பிறகு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த மனிதர் அவர். நிறுவனத்தை நடத்திய பலராமன் சார் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, "பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா வீட்டுப் புள்ளைங்களுக்குப் பொறக்கும்போதே பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. நம்ம வீட்டுப் புள்ளைங்களுக்கு இதுதாங்க பாஸ்போர்ட்டு" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே கிருஷ்ணசாமி விழுந்துவிட்டார்.

வகுப்புகள் முடிந்த அன்று பலராமன் சார் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு மாடி ஏறினார். மூன்றாவது மாடிதான் கம்பெனி. அந்தக் கம்பெனி விற்ற சரக்கும் ஒன்றே ஒன்றுதான்: கீழ் மாடியில் நடக்கும் அந்தப் படிப்பு.

"வெளிநாடு போகணும்னா மொதல்ல மேல ஏறணும் இல்ல? ஏறியாச்சு" என்றான் ராஜ்கமல். இரண்டு வருடம் முன்பு அங்கே படித்தவன். சான்றிதழ் கிடைக்காமல், அங்கேயே கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டு தங்கிவிட்டவன்.

நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்தால் வலது ஓரத்தில் ஒரு பச்சைப் பெட்டி எழும்பும். கோட்டும் டையுமாகச் சிரிக்கும் ஓர் இளைஞன். கீழே: 'பேசுங்கள், வெற்றிவேல் ஆன்லைனில் இருக்கிறார். லண்டனில் பணிபுரியும் எங்கள் முன்னாள் மாணவர்.' விசாரிக்க வருபவர்கள் பெயரையும் ஊரையும் பதிந்துவிட்டு, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக் கேள்வி கேட்பார்கள். மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் சிவசங்கரி பதில் சொல்வாள்.

"நாம ஏன் சார் அவர் பேர்ல எழுதணும்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"அவன் அங்க பிஸிம்மா. அவன் சொல்ல நெனைக்கறத நாம சொல்றோம், அவ்ளோதான்" என்றார் பலராமன் சார். எப்போதும் தாழ்ந்த குரல், எப்போதும் சிரித்த முகம்.

இரண்டு நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும். தாமதித்தால் திரை சிவக்கும். அதற்காகவே இருபத்திரண்டு பதில்கள் தயாராக இருந்தன. 'வேலை நிச்சயமா?' என்றால் மூன்றாம் எண். 'லண்டனில் குளிரா?' என்றால் ஒன்பதாம் எண். முதல் மாதம் அவள் கேள்விகளைப் படித்துவிட்டு எண்ணை அழுத்தினாள். ஐந்தாவது மாதம் கடைசி வரியை மட்டும் பார்த்து அழுத்தினாள். எட்டுப் பெட்டிகள் ஒன்றாகத் திறந்து கிடக்கும்போது வேறு எப்படித்தான் செய்வது?

டிசம்பர் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். ஆறாவது பெட்டியின் கடைசி வரி: 'எப்ப ஊருக்கு வர்ற?'

பதினான்காம் எண். 'பொங்கலுக்குக் கண்டிப்பா வர்றேன். நேர்ல பேசலாம். எதுக்கும் கவலைப்படாதீங்க.' தட்டிவிட்டு ஏழாவது பெட்டிக்குப் போனாள்.

எல்லாவற்றையும் முடித்துத் திரும்பி வந்தபோதுதான் ஆறாவது பெட்டியில் இருந்ததை மேலிருந்து படித்தாள்.

'வெற்றி, அம்மா பேசறேன்டா. பிரவுசிங் சென்டர் பொண்ணு அடிச்சிக் குடுக்குது. பதினாலு மாசமாச்சு. ஒரு போன் இல்ல, ஒரு கடுதாசி இல்ல. உன் படம் இதுல கீதுன்னு சொன்னாங்க. எப்ப ஊருக்கு வர்ற?'

அதற்குக் கீழே சிவசங்கரி அனுப்பிய பதில். அதற்கும் கீழே ஒரே ஒரு வரி: 'சாமி, எனக்கு இது போதும்.'

பெட்டி மூடியிருந்தது. பதிவில் பெயரும் ஊரும் மட்டும்: குஞ்சம்மாள், கனகசெட்டிக்குளம்.

சிவசங்கரி எழுந்து ராஜ்கமலிடம் போனாள். அவன் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ராஜ்கமல், வெற்றிவேல் லண்டன்ல எந்தக் கம்பெனி?"

"ஏன், நீயும் போறியா?"

"வெளையாடாத. அவங்கம்மா வந்தாங்க, சாட்ல."

கீபோர்டை வைத்துவிட்டான். கதவைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"அவன் எங்கயும் போகல, சிவா. உன் சீட்லதான் ஒக்காந்திருந்தான். அவனுக்கு முன்னாடி இருந்தவன் பேர்ல பதில் சொல்லிக்கினு. ஆறு மாசம் முடிஞ்சதும் சார் போட்டோ புடிச்சாரு. லண்டன்னு கீழ எழுதினாரு. 'ரெண்டே மாசத்துல நெஜமாவே வாங்கித் தரேன், இப்பவே போட்டுக்கிட்டா இன்னா'ன்னாரு. போட்டோ போட்டாதான் சர்டிபிகேட்டு. அவனும் சரின்னுட்டான்."

"அப்புறம்?"

"அவங்க ஊர்க்காரன் எவனோ அதப் பாத்துட்டான். அவ்ளோதான், பஸ் ஸ்டாப் வரைக்கும் பேனரு. லண்டன் செல்லும் தங்கமேன்னு. அத்தன பேர் முன்னாடி இல்லன்னு எப்டி சொல்லுவான்? பொட்டியத் தூக்கிக்கினு பஸ் ஏறிட்டான். ரெண்டு நாள் என் ரூம்ல இருந்தான். மூணாவது நாள் காலைல பாத்தா பொட்டி இருக்கு, ஆள் இல்ல."

"போலீசுக்குச் சொல்லலியா நீ?"

"இன்னான்னு சொல்றது? லண்டன்ல கீறவனைப் புதுச்சேரில காணோம்னா?"

அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை.

பலராமன் சாரின் அறைக்குள் போனபோது அவர் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைப் பொறுமையாகக் கேட்டார். ஒரு சுளையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அந்தம்மா அழுதாங்களா, சந்தோஷப்பட்டாங்களா?"

"சந்தோஷம்தான் சார் பட்டாங்க. அதுதான்..."

"அப்புறம் இன்னாம்மா? பதினாலு மாசமா கெடைக்காதது உன்னால கெடச்சிருக்கு." சுளையைத் தானே வாயில் போட்டுக்கொண்டார். "உனக்கும் ஆறு மாசம் முடியுது. வெள்ளிக்கிழமை நல்ல பொடவயா கட்டிக்கினு வா. போட்டோ. உனக்கு சிங்கப்பூர்னு போட்டுக்கலாம், பக்கத்துல இருக்கற ஊரு. அன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"எனக்கு வேலையே கெடைக்கலியே சார்."

"கெடைக்கும்" என்றார் அவர். "போட்டோ போட்டா எல்லாம் கெடைக்கும்."

வெள்ளிக்கிழமை காலை அம்மா செல்வாம்பாள் பீரோவிலிருந்து மயில் நீலப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். சிவசங்கரி அதைக் கட்டிக்கொண்டு தங்கள் பகுதியான மூலக்குளத்தில் பஸ் ஏறினாள். நூறடி ரோட்டுக்குப் போகவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கி, வடக்கே கனகசெட்டிக்குளம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தாள். கையெழுத்து கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்தேதான் உட்கார்ந்தாள்.

குஞ்சம்மாள் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. 'லண்டன்காரன் வூடா?' என்று ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். வாசலில் புதுச் சுண்ணாம்பு ஈரம் காயாமல் இருந்தது. உள்ளே ஒரு புதுக் கட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

"பொங்கலுக்கு எம் புள்ள வருது" என்றாள் குஞ்சம்மாள், யாரென்று கேட்பதற்கு முன்பே. "தரையில படுத்துப் பழக்கம் வுட்டுப் போயிருக்கும், பாவம்."

சிவசங்கரி உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். போட்டோ, பேனர், ராஜ்கமல் அறை, பெட்டி.

குஞ்சம்மாள் கட்டிலின் உறையைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"பொங்கலுக்கு வர்றேன்னது?"

"நான்தாம்மா."

"கவலப்படாதீங்கன்னது?"

"அதுவும் நான்தான்."

"அதான் பாத்தேன்" என்றாள் குஞ்சம்மாள். "அவன் என்ன வாங்க போங்கன்னு பேசுனதே இல்ல. லண்டன் போயி மரியாதை கத்துக்கிச்சின்னு நெனச்சேன்."

பிறகு நிமிர்ந்தாள். "லண்டன்ல இல்லன்னா அவன் எங்க கீறான்?"

இருபத்திரண்டு பதில்களில் எதுவும் அதற்குப் பொருந்தாது.

"நாளைக்கி எந்தம்பிய இட்டுக்கினு ஸ்டேஷனுக்குப் போறேன். இப்ப என்னாண்ட சொன்னத அங்க வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்மா."

"சொல்லு. ஆனா மொதல்ல உன் வூட்ல போய்ச் சொல்லு." குஞ்சம்மாள் அவளுடைய புடவையை மேலும் கீழும் பார்த்தாள். "அவனும் இப்டித்தான் நல்ல சட்டயா போட்டுக்கினு போட்டோ எடுக்கணும்னு கௌம்புனான். ஓடு."

திரும்பும் வழியில் பஸ் காலாப்பட்டில் பழுதாகி நின்றது. மூலக்குளத்தில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. தெரு முனை திரும்பியதும் அவள் கால் நின்றுவிட்டது.

ஆறடி உயரத்தில் அவள் முகம்.

சேர்க்கைப் படிவத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். பெரிதாக்கியதில் கண்கள் மங்கிப்போய், யாரோ செத்துப்போனவள் மாதிரி இருந்தது. 'சிங்கப்பூர் செல்லும் எங்கள் செல்வமே' என்று மேலே. கீழே வரிசையாகத் தெருக்காரர்களின் சின்னச் சின்னப் படங்கள், கும்பிட்டபடி.

வீட்டுக்குள் கூட்டம். கிருஷ்ணசாமி காவல் உடுப்பைக்கூடக் கழற்றாமல் லட்டுத் தட்டோடு நின்றிருந்தார்.

"வாம்மா! உங்க சார் மத்தியானம் போன் பண்ணாரு. நேர்ல சொன்னா வெக்கப்படுவன்னு என்கிட்ட சொன்னாராம். நம்ம கண்ணையன்தான் ரெண்டே மணி நேரத்துல பேனர் அடிச்சிக்கினு வந்தான்."

கண்ணையன் பக்கத்து வீட்டுக்காரர். அடக்கமாகத் தலையாட்டினார்.

"அப்பா, எனக்கு வேலை கெடைக்கல."

கிருஷ்ணசாமி வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா? அவங்கம்மா மாதிரியே. கண்ணு பட்டுடும்னு இல்லங்கறா!"

கூடமே சிரித்தது.

"நெஜமாத்தான்ப்பா. அது பொய். அந்தாளு சொல்றது எல்லாமே பொய்."

"சரி சரி, பொய்தான். லட்டு எடுத்துக்கோ" என்றார் கண்ணையன். சிரிப்பு இன்னும் பெரிதானது.

கண்ணையனின் மகள் சுமலதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அந்த வருடம்தான் பி.காம். முடித்தவள். கையில் மடித்த தாள். "அக்கா, ரொம்ப தேங்க்ஸ்க்கா. நீங்க அவ்ளோ நேரம் பேசுவீங்கன்னு நெனைக்கவே இல்ல."

"நான் எப்ப பேசினேன்?"

"சாட்லதான். மத்தியானம் மூணே முக்காலுக்கு. பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன்."

மூணே முக்காலுக்குச் சிவசங்கரி காலாப்பட்டில் பழுதான பஸ்ஸில் இருந்தாள். தாளைப் பிரித்தாள். உச்சியில் பச்சைப் பெட்டி. அதில் வெற்றிவேலின் இடத்தில் அவளுடைய படம். 'பேசுங்கள், சிவசங்கரி ஆன்லைனில் இருக்கிறார்.' கீழே ஒரு பக்கம் முழுக்கப் பதில்கள். பாதி அவளுக்கு மனப்பாடமான பதில்கள்தான். கடைசிப் பதிலை மட்டும் அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

'தாங்க வெளிநாடு போன பிறகு மத்தவங்களும் வரக்கூடாதுன்னு சில பேர் தப்பாச் சொல்லுவாங்க. யார் சொன்னாலும் நம்பாத, தங்கச்சி.'

"சுமலதா, இது நான் இல்ல. என் சீட்ல வேற யாரோ ஒக்காந்து எழுதறாங்க. இப்ப நான் சொல்றதக் கேளு. அதுல சேராத."

சுமலதா தாளை வாங்கி மடித்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "நீங்க மட்டும் போலாம், நாங்க போகக் கூடாதாக்கா?"

செல்வாம்பாள் உப்பும் மிளகாயும் ஏந்தி வந்து, சுற்றிப்போட மகளைக் கிழக்குப் பார்த்து உட்காரச் சொன்னாள். சிவசங்கரி உட்காரவில்லை.

"அப்பா, நாளைக்குக் காலைல நீ என்கூட போலீஸ் ஸ்டேஷனுக்கு வரணும். ஒரு ஆளைக் காணோம். நான் சாட்சி சொல்லணும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கிருஷ்ணசாமி லட்டுத் தட்டைக் கீழே வைத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். உடுப்பின் மேல் பொத்தானைக் கழற்றினார்; திரும்ப மாட்டினார்.

"எத்தன மணிக்குப் போகணும்?" என்றார்.

ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். கண்ணையனின் மனைவி சின்னப்பாப்பா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். வாசல் தாண்டியதும் அவள் சொன்னது கூடத்தில் நின்றிருந்தவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அவ கெடக்கறா. நீ காலைல சீக்கிரம் எழுந்துரு. இவங்க ஸ்டேஷனு கீஷனுன்னு எதுனா பண்றதுக்குள்ள நாம போயி அந்தப் படிப்புல சேந்துடணும்."