மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரும் முந்நூறு முட்டையும்

செங்கோட்டையனுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் மனைவி வசந்தாமணி அவனிடம் நகை கேட்டதில்லை, பட்டுச் சேலை கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஒரே ஒரு கேள்வி. மொபெட்டில் பின்னால் உட்காரும்போது கேட்பாள். பஸ் நெரிசலில் நசுங்கும்போது கேட்பாள். கோழித் தீவன மூட்டைகளுக்கு நடுவே டிராக்டரில் ஏறும்போது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயோரத்தில் சிரிப்பை ஒளித்துக்கொண்டு கேட்பாள்.

"ஏனுங் மாமா, அந்த மஞ்சக் காரு எங்கீங்க?"

அவ்வளவுதான். செங்கோட்டையனுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிடும். நாமக்கல் பக்கத்தில் நாலாயிரம் கோழிக்குச் சொந்தக்காரன், ஊர்ப் பஞ்சாயத்தில் எழுந்து நின்று பேசக்கூடியவன். இந்தக் கேள்வி வந்தால் மட்டும் செருப்பின் வாரை ஆராய ஆரம்பித்துவிடுவான்.

சங்கதி என்னவென்றால், அந்த மஞ்சள் கார் அவனுடையதே அல்ல.

எழுபத்து நாலில் நடந்தது. சேலத்தில் செங்கோட்டையனோடு கல்லூரியில் படித்தவன் அன்வர் பாட்சா, நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. இரண்டு பேரும் ஒரே பரீட்சையில் மூன்று தடவை சேர்ந்து தோற்றவர்கள், அதனால் ஆயுசுக்கும் சிநேகிதர்கள். முடிவெட்டுகிற கடையில் கிடந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் பாட்சா ஸ்போர்ட்ஸ் கார் படத்தைப் பார்த்துவிட்டான். கூரையில்லாத கார், காற்றில் பறக்கிற முடி, இரண்டே சீட்டு. அன்று முதல் பையனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மாதிரிக் கார் நம்மவர்கள் கைக்கு எட்டுமா? எட்டாது. ஆனால் அப்பாவின் பழைய குட்டிக் கார் கைக்கு எட்டியது. அதை அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு தகரப் பட்டறைக்கு ஓட்டிப் போய்க் கூரையை அறுத்தெடுத்தான். பின் சீட்டைக் கழற்றிப் போட்டான். மஞ்சள் பெயிண்ட் அடித்து, நடுவில் இரண்டு கறுப்புக் கோடு இழுத்து, சைலன்சரையும் பாதியோடு வெட்டிவிட்டான். அவனுடைய அப்பா அதற்கப்புறம் ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை. பேசியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

வேகம் பழைய வேகம்தான், சத்தம் மட்டும் மூன்று மடங்கு. ரோட்டோரம் நிற்பவனுக்கு எண்பதில் பறக்கிற மாதிரி இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் அது முப்பத்தைந்து என்று தெரியும். இருந்தால் என்ன? இருபத்திரண்டு வயதில் யார் வேகம் காட்டும் முள்ளைப் பார்க்கிறார்கள்?

அந்தக் காரில்தான் செங்கோட்டையன் ஜேடர்பாளையம் பக்கம் பெண் பார்க்கப் போனான். பெரியவர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். ஓட்டியது பாட்சா. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கையை வெளியே தொங்கவிட்டபடி மாப்பிள்ளை பக்கத்து சீட்டில். ஊரே திரண்டு வந்து காரைப் பார்த்தது. காப்பி டம்ளரோடு வந்த வசந்தாமணியும் அவனைத் தாண்டி வாசலில் நின்ற காரைத்தான் பார்த்தாள். அதை அவன் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தான்.

திரும்பும்போது கார் துப்பாக்கி மாதிரி ஒரு தடவை வெடித்தது, கிளம்பியது, ஊர் தாண்டித் தென்னந்தோப்பு வளைவில் நின்றுவிட்டது. பாட்சா ஸ்டீரிங்கை விட்டு இறங்கமாட்டேன் என்றான். செங்கோட்டையன்தான் இறங்கித் தள்ளினான். புது வேட்டி, கஞ்சி போட்ட வேட்டி, இடுப்பில் நிற்குமா? ஒரு கை காரில், ஒரு கை வேட்டியில் என்று அவன் அல்லாடிக்கொண்டிருந்தபோது, அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு எருமை வந்து நின்று அவனையே பார்த்தது. மனுஷன் யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை. அவன் எருமையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி."

எருமை சொல்லவில்லை போலிருக்கிறது. நாலாம் நாள் பெண் வீட்டிலிருந்து சம்மதம் என்று ஆள் வந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள் மாலையோடு பெண்ணை ஏற்றிக்கொண்டு போக டிராக்டர் வந்து நின்றது. அப்போது கேட்டாள் முதல் தடவை, "அந்த மஞ்சக் காரு எங்கீங்க?" என்று. அன்றைக்குச் செங்கோட்டையனின் நெஞ்சில் தைத்த முள் பிறகு வெளியே வரவே இல்லை. இவள் காரைப் பார்த்துத்தான் தலையாட்டியிருக்கிறாள், கார் வராததால் அதில் வந்தவனை வைத்துக் குடும்பம் நடத்துகிறாள் என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான். கேட்டுத் தெளிந்துகொள்ளலாமே என்பீர்கள். அதைக் கேட்கிற தைரியம் இருந்தால் அவன் ஏன் செருப்பு வாரைப் பார்க்கிறான்?

எண்பத்தாறு வந்தது. ஊரில் வசதியானவர்கள் எல்லாம் புதிதாக வந்த வெள்ளைக் குட்டிக் காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். செங்கோட்டையனையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவனுக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை. சத்தமே போடாத கார் ஒரு காரா? சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கிறது என்றான். அவன் கண்ணுக்குள் இன்னமும் மஞ்சள்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காரை நினைத்தால் பெட்ரோல் வாசனையும் ஆடிக் காற்றும் இருபத்திரண்டு வயதும் சேர்ந்து திரும்பி வந்தன. இந்த ஆடிப் பதினெட்டுக்கு வசந்தாமணியை அதே காரில் ஏற்றி, காவிரிக்குக் கூட்டிப் போய், மாமனார் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட வேண்டும், அந்தக் கேள்வியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று தீர்மானித்துச் சேலத்துக்குப் பஸ் ஏறினான்.

கார் அயோத்தியாப்பட்டணத்தில் பாட்சாவின் குடோனுக்குப் பின்னால் கிடந்தது. பாட்சாவுக்கு இப்போது வழுக்கையும் தொப்பையும் வந்திருந்தன. காரின் முகப்பைத் தடவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கவுண்டரே, இது காரு இல்ல. என் வாலிபம். எப்பிடிக் குடுப்பேன்?"

"அண்ணே, அந்த வாலிபத்துக்குள்ள நேத்து ஆடு குட்டி போட்டிருக்கு," என்றாள் அவன் மனைவி ஜஹானாரா. "இவரு மனசு மாறுறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிருங்க."

ஆட்டையும் குட்டிகளையும் இறக்கிவிட்டு, லாரியில் ஏற்றிக் காரை நாமக்கல்லுக்குக் கொண்டுவந்தான். எஞ்சினை ஒரு மெக்கானிக் இரண்டு மாதம் மல்லுக்கட்டி உயிர்ப்பித்தார். உடம்புதான் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. உடம்பு கட்ட நாமக்கல்லில் ஆளுக்கா பஞ்சம்? லாரிக்கு பாடி கட்டுவதில் பேர்போன ராசப்பனிடம் கொண்டுபோய் விட்டான். செங்கோட்டையன் செய்த தப்பு இது ஒன்றுதான். ஆனால் நாமக்கல்லில் பிறந்தவன் எவனும் இதைத்தான் செய்திருப்பான்.

ராசப்பன் காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியைப் பார்த்தார்.

"எத்தன டன்னு ஏத்துவீங்க தம்பி?"

"டன்னெல்லாம் இல்லீங்ணா. நானும் என்ற ஊட்டுக்காரியும்தான்."

"இன்னைக்கு அப்பிடித்தான் சொல்லுவீங்க. வண்டி சும்மா நிக்குதேன்னு நாளைக்கு நாலு மூட்டை போடுவீங்க. பாடி பொளந்தா யாரு பேரு கெடும்? ராசப்பன் பேருதானுங்க?"

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் வந்து பார்க்கச் சொன்னார். செங்கோட்டையன் பட்டறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கார் மஞ்சள்தான், குறையில்லை. ஆனால் அடியில் ஒன்றரை அங்குலக் கனத்துக்குப் பலகை போட்டிருந்தது. சுற்றிலும் ஆங்கிள் இரும்பு. பின்னால் பத்துச் சக்கர லாரியே வந்து முட்டினாலும் அசையாத பம்பர். இரண்டு கதவிலும் தோகை விரித்த மயில். பக்கவாட்டில் வரிசையாகக் கயிறு கட்டும் கொக்கிகள். முன்னால் கறுப்புக் குஞ்சம், பின்னால் 'சவுண்ட் ஹாரன்' என்று தாமரைப் பூவுக்கு நடுவில் எழுத்து.

"கொக்கி எதுக்குங்ணா?" என்று கேட்டான்.

"கூரையில்லாத வண்டி. மழை வந்தா படுதா கட்ட வேண்டாமுங்களா?"

திட்டலாம் என்று வாயைத் திறந்தான். ராசப்பன் முதல் பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்தக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலையில் இன்னொரு சோதனை. பிள்ளைகள் இருவரும், காரில் இடமில்லை என்பதால், தாய்மாமனோடு பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள். வசந்தாமணி தலை நிறையப் பூவோடு வந்து மயில் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அதற்குள் அவன் அம்மா சென்னியம்மாள் பண்ணையிலிருந்து முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இது ஸ்போர்ட்ஸ் காரும்மா!"

"என்ன காரா இருந்தா என்ன சாமி? காலி வண்டியாவா போறது? போற வழிதான, பரமத்திக் கடையில எறக்கிப்போட்டுப் போ."

அந்தப் பக்கத்தில் வண்டியைக் காலியாக அனுப்புவதும் விருந்தாளியைச் சாப்பாடு போடாமல் அனுப்புவதும் ஒன்று. பத்து அட்டை, முந்நூறு முட்டை, சீட்டுக்குப் பின்னால் ஏறின. இரண்டு அட்டைக்கு இடம் போதாமல் வசந்தாமணி மடியில் வைத்துக்கொண்டாள்.

கார் கிளம்பியது. சத்தம் பழைய சத்தமேதான். செங்கோட்டையனுக்கு ஒரு நிமிஷம் மயிர்க்கூச்செறிந்தது. கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். பிறகு ஒரு மொபெட் அவர்களை முந்திப் போனது. அதில் பின்னால் கட்டியிருந்த வெள்ளாடு வெகுதூரம் வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. எதிரில் வந்த லாரிக்காரர்கள் தங்கள் இனம் என்று நினைத்து ஹாரன் அடித்துக் கையாட்டினார்கள். பரமத்திக் கடை ஆடிப் பதினெட்டுக்குப் பூட்டிக் கிடந்தது. முட்டையோடு மேலே போனார்கள். முந்நூறில் ஒன்றுகூட உடையவில்லை. அந்த வேகத்தில் முட்டை உடைய வழியே இல்லை, குஞ்சு பொரித்தால்தான் உண்டு.

வசந்தாமணியின் ஊர் கண்ணுக்குத் தெரிந்தது. தென்னந்தோப்பு வளைவு வந்தது. கார் துப்பாக்கி மாதிரி ஒரு தடவை வெடித்து நின்றுவிட்டது.

செங்கோட்டையன் சாவியைத் திருகினான், திருகினான், ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டான். இன்னும் நூறு கஜம் இருந்தது. மாமனார் வீட்டு வாசல் தெரியாத குறைதான். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து இங்கேயா நிற்க வேண்டும்? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எறங்கு அம்மிணி. நடந்து போயிரலாம்."

"நா எறங்க மாட்டேன்," என்றாள் வசந்தாமணி. கிளம்பினதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. "நீங்க எறங்கித் தள்ளுங்க."

மடியிலிருந்த முட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவளே நகர்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அவன் பின்னால் போய் 'சவுண்ட் ஹாரன்' மேல் தோளைக் கொடுத்துத் தள்ளினான். ராசப்பனின் கைவேலை அசைந்து கொடுக்குமா? கால் வழுக்கியது. மூச்சு வாங்கியது. வேட்டி அவிழ ஆரம்பித்தது. ஒரு கை பம்பரில், ஒரு கை வேட்டியில். முன்னால் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தான். அழுகிறாள் என்று பதறிக்கொண்டு ஓடினான்.

அழவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரி, நல்லாச் சிரி," என்றான் செங்கோட்டையன். பன்னிரண்டு வருஷ முள் அப்போதுதான் வாய் வழியாக வெளியே வந்தது. "நீ கார வெச்சுத்தான என்னைக் கட்டுன? காரும் இரவல், கட்டுனவனும் ஒண்ணுக்கும் ஆகாதவன். போதுமா?"

அவள் சிரிப்பு நின்றது.

"காரையா? இந்தத் தகரத்தையா? யாரு மாமா சொன்னா?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு இது டமார்னு வெடிச்சதுல எங்க எருமை கவுத்த அறுத்துட்டு ஓடிப்போச்சு. பட்டுச் சேலையோட அது பின்னால ஓடி வந்தது ஆருன்னு நெனச்சீங்க? அந்தத் தென்ன மரத்துக்குப் பொறவு நின்னு எல்லாத்தையும் பாத்தேன். கண்ணாடி போட்டுட்டு ஊட்டுல ஒக்காந்திருந்தீங்களே, அந்த ஆள எனக்குப் புடிக்கவே இல்லீங். வேண்டாம்னு சொல்லிப்போடலாம்னுதான் இருந்தேன்."

செங்கோட்டையன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"வேட்டியப் புடிச்சுட்டு எருமையக் கும்பிட்டாரே ஒருத்தரு, அவரத்தான் கட்டுனேன். காரு எங்க, காரு எங்கன்னு கேட்டதெல்லாம், அவர இன்னொருக்கா பாக்க மாட்டமான்னுதான்."

அவன் முகம் காரைவிடப் பிரகாசமாகிவிட்டது. வேட்டியை இறுக்கிக்கூடக் கட்டாமல் பின்னால் போய் நின்றான். ரோட்டில் முன்னும் பின்னும் பார்த்தான். ஒரு ஈ காக்கை இல்லை.

ஸ்டீரிங்கைப் பிடித்தபடி வசந்தாமணி திரும்பினாள்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சாமி. தள்ளுங்க."