மூன்றாவது தடம்

திரையில் இருசம்மாள் பாடிக்கொண்டிருந்தார். வாய் திறக்கிறது, மூடுகிறது, கை தாளம் போடுகிறது. ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. சத்தத்தை முழுசாக ஏற்றினேன். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். ஹெட்போனை மாட்டினேன். கம்ப்யூட்டர் ஃபேன் சுற்றுவதுதான் கேட்டது.

பின்னால் ஸ்டூலில் எங்கள் ஸ்டூடியோ கேமராமேன் பழனி அண்ணன். அவர் பக்கத்தில், திரையில் பாடிய அதே இருசம்மாள். பழனி அண்ணனின் அம்மா. கழுத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருந்தார்.

"இன்னா மலரு, சவுண்டு வரல?"

"இருங்கண்ணா. செட்டிங்ல எதுனா மாறியிருக்கும்."

எதுவும் மாறவில்லை. ஒலி மேலும் கீழுமாக ஆட வேண்டிய இடத்தில் ஒரே நேர்கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது போல. அந்தக் கோட்டைப் பார்த்த உடனே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அதற்குள் சித்தப்பா டீ கிளாஸோடு உள்ளே வந்துவிட்டார். ஸ்டூடியோ அவருடையது.

"ஏன்டா, மைக்க ஆன் பண்ணியா, இல்ல மாப்ள வூட்டுப் பொண்ணுங்கள பாத்துக்கினு நின்னியா?"

"போட்டேங்கண்ணா. அம்மா பொடவையில நானே குத்தனேன். சேப்பு லைட்டு எரிஞ்சுது."

"எரிஞ்சா எங்கடா சத்தம்? மெஷினு முழுங்கிடுச்சா? கூடப் பொறந்த தங்கச்சி கல்யாணத்துக்கே இப்டி எடுத்தீன்னா ஊரான் வூட்டு கல்யாணத்த இன்னாத்த எடுக்கப் போற?"

பழனி அண்ணன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "போட்டாப்பலதான் இருக்குது..." என்றார், முன்னைவிட மெதுவாக.

மெஷின் முழுங்கியதா என்று சித்தப்பா சும்மாதான் கேட்டார். நான் தலையைத் தூக்கவில்லை.

இது நடந்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்தவள் நான். ப்ளஸ் டூ முடித்து சித்தப்பாவின் ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்கிறேன். பழைய கம்ப்யூட்டர் சித்திரையில் படுத்துவிட்டது. வீடியோ வீடியோவாகப் பார்த்து, என்னென்ன போட வேண்டும் என்று நான்தான் நோட்டில் எழுதினேன். சேலத்துக் கடையில் பில் போட்டவர் ஒரு தடவை நிறுத்தினார். "இந்த பிராசசர்ல படத்துக்கான பகுதி இருக்காதும்மா. அது இருக்கறது கொஞ்சம் வெல ஜாஸ்தி. எடிட்டிங்குன்னா அதையே வாங்கிடேன்" என்றார்.

"அதான் கிராபிக்ஸ் கார்டு தனியா போடறமே" என்றேன். சித்தப்பா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டில் நானே அடித்துவிட்டேன். கள்ளக்குறிச்சி வந்ததும் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சித்தப்பா சொன்னார்: "எங்க அண்ணம் பொண்ணு போட்ட மெஷினு. மெட்ராஸ்லகூட இப்டி இல்ல."

அப்புறம் புது கேமரா வந்தது. அது எச்.265 என்ற கோடெக்கில் பதிவு செய்கிறது. படத்தை அப்படியே சுருட்டி மடித்துச் சின்னப் பெட்டிக்குள் அடைக்கிற மாதிரி. அதிலும் நிறம் அதிகம் பிடிக்கிற வகையாகப் பார்த்து வைத்தேன், பட்டுப்புடவை நன்றாக வரும் என்று. அந்த வகையைப் பிரித்துக் காட்ட எங்கள் கிராபிக்ஸ் கார்டுக்குத் தெரியாது. பிராசசரில் நான் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பகுதிக்குத்தான் தெரியும். ஓட்டிப் பார்த்தால் தாலி கட்டுகிற கை பாதியில் நிற்கிறது, ஐந்து விநாடி கழித்து முடிச்சு விழுந்திருக்கிறது. எடிட்டே செய்ய முடியவில்லை. சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது? மெட்ராஸில்கூட இல்லாத மெஷின்.

அதனால் வந்த ஃபைலையெல்லாம் பழைய எச்.264-க்கு மாற்றினேன். மாற்றினால் ஓடியது. நகல் வைத்துக்கொண்டு அசலைப் பத்திரமாக வைக்க வேண்டும். வைக்க இடமில்லை. ஒரே டிஸ்க், அதுவும் நிரம்பிவிட்டது. நகலை வைத்துக்கொண்டு அசலை அழித்தேன். மூன்று கல்யாணத்துக்கு அப்படிச் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை.

நான்காவது பழனி அண்ணன் தங்கையின் கல்யாணம், மலைமேல், வெள்ளிமலை தாண்டி அவர் ஊரில். சித்தப்பா கேமராவைக் கொடுத்து, "உன் வூட்டு கல்யாணம், நீயே எடு" என்றார். மலையிலிருந்து இறங்கி மெமரி கார்டை என் கையில் கொடுக்கும்போது பழனி அண்ணன் சொன்னார்:

"மலரு, நலங்கு வெக்கும்போது அம்மா பாடுது. அத மட்டும் வெட்டாத. பாட்டு போட்டு மூடிடாத. அடுத்த வாரம் தொண்டையில ஆபரேசன். அதுக்கப்புறம் பேச்சு வராதுன்னு சொல்லிட்டாங்க."

"சரிங்கண்ணா" என்றேன். நிஜமாகவே வெட்டக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வேலையில் முதலில் செய்வது சத்தத்தை அழிப்பது. கல்யாண வீடியோவில் யார் பேசுவதும் யாருக்கும் வேண்டாம், முழுக்க சினிமாப் பாட்டுதான். அதனால் மாற்றிய ஃபைலை நான் ஓட்டிப் பார்ப்பதெல்லாம் படத்துக்காகத்தான். ஸ்பீக்கர் மூடியே இருக்கும். அந்தக் கேமரா ஒலியை நான்கு தடங்களில் பதிவு செய்கிறது. முதல் இரண்டு கேமராவின் சொந்த மைக். மேளத்துக்குப் பயந்து அதை எப்போதும் அணைத்து வைப்போம். புடவையில் குத்துகிற மைக் மூன்றாவது தடம். மாற்றுகிற சாஃப்ட்வேரில் நான் வைத்திருந்த செட்டிங், அணைத்து வைத்த அந்த முதல் தடத்தை மட்டும் எடுக்கும்; மூன்றாவது நகலுக்கு வரவே வராது.

விடிந்தால் சின்னசேலத்தில் முகூர்த்தம். அதே கார்டு வேண்டும். படம் ஓடுகிறதா என்று பார்த்தேன். இருசம்மாள் வாயசைத்தார். பட்டு நன்றாக வந்திருந்தது. அசலை அழித்து, கார்டை ஃபார்மட் செய்து, சித்தப்பா பையில் போட்டேன்.

அழித்ததை மீட்கிற சாஃப்ட்வேர் மூன்று போட்டுப் பார்த்துவிட்டேன். எங்கள் டிஸ்க் அழித்ததை உடனே துடைத்துவிடுகிற வகையாம். அதுவும் என் தேர்வு. கார்டில் அதற்குப் பிறகு ஒன்பது கல்யாணம் ஏறிவிட்டது.

அன்று கிளம்பும்போது இருசம்மாள் மானிட்டரில் தன் வாயின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். ஆபரேசன் முடிந்த கழுத்தின் துணிக்குள்ளிருந்து மூச்சு மட்டும் புஸ்ஸென்று வந்தது. பிறகு மகன் முதுகைத் தட்டினார், பரவாயில்லை என்கிற மாதிரி. பழனி அண்ணன் அப்போதுதான் அழுதார்.

"மன்னிச்சிக்க மா. நாந்தான் மறந்துட்டேன் போல" என்றார்.

நான் அந்த அறையில்தான் இருந்தேன். மவுஸைப் பிடித்துக்கொண்டு.

"இந்த சீசன் நீ லைட்டு புடி, போதும்" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். நேற்று உளுந்தூர்பேட்டை மண்டபத்தில் பழனி அண்ணன் லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நின்றார். புதுப் பையன் ஒருத்தன் கேமராவை வைத்துக்கொண்டு, "அண்ணா, இன்னும் கொஞ்சம் ஒசத்திப் புடிங்க" என்று அவருக்கே சொன்னான்.

சொல்லிவிடலாம் என்று காலையில் இரண்டு தடவை வாயெடுத்தேன். சொன்னால் மெஷின் தப்பு என்பது தெரியும். அப்பாவுக்குப் போகும். "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்த வேல" என்று ஒரே வார்த்தையில் வீட்டில் உட்கார வைத்துவிடுவார். இவ்வளவுதான் நினைத்தேன், சத்தியமாக. என்னைப் பற்றி மட்டும்தான்.

இப்போது, ராத்திரி பன்னிரண்டே காலுக்கு, பழனி அண்ணனிடமிருந்து வாட்சப்பில் வந்திருக்கிறது. எழுதிப் பழக்கமில்லாததால் குரலாகவே அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் படுத்திருக்கும் என் தங்கை எழுந்துவிடக் கூடாதென்று போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன்.

"மலரு, தூங்கிட்டியா? எனக்குத் தூக்கமே வரல. அம்மா பாடும்போது கேமராவுல அந்த சவுண்டு கோடு ஏறி எறங்குனத நான் பாத்தாப்பலயே இருக்குது. பாத்தனா, இல்ல ஆசையில நெனச்சிக்கிறனான்னு தெரியல. பைத்தியம் புடிச்சிடும் போல. ஃபைல தொறந்து பாத்தா மைக்கு ஆன்ல இருந்துச்சா இல்லையான்னு தெரியுமாமே? பாத்து சொல்லு பா. திட்ட மாட்டேன், எதா இருந்தாலும் சொல்லு."

கேட்டாகிவிட்டது. அவர் போனில் நீல டிக் விழுந்து, நான் கேட்டது அவருக்கும் தெரிந்திருக்கும்.

மைக் ஆனில் இல்லை என்று சொன்னால் சாகும்வரை அம்மாவின் குரலைத் தானே தொலைத்ததாக நினைத்துக்கொண்டிருப்பார். இருந்தது என்று சொன்னால், அவர் தப்பே செய்யவில்லை, அம்மா பாடியது முழுசாகப் பதிவாகி ஒரு ராத்திரி என் கையில் இருந்தது, பட்டு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நான் அழித்தேன் என்று தெரியும். திட்ட மாட்டார். அந்த மனுஷன் திட்டவே மாட்டார்.

அண்ணா என்று மட்டும் டைப் செய்து வைத்திருக்கிறேன். அதற்கடுத்து என்ன எழுதுவது?