இரண்டு தட்டு, ஒரு தட்டு

அந்த நெசவாலையின் மாடியில், வேலைக்கு வரும் அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அறை ஒன்று இருந்தது. அதில் டொக்கு என்றொரு சிறுமி. வீட்டில் வைத்த பெயர் வேறு. சுவர், தட்டு, கட்டில் கால் என்று கைக்கு எட்டியதையெல்லாம் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருப்பதால் மற்றப் பிள்ளைகள் சூட்டிய பெயர் இது. வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாயைத் திறப்பதே அபூர்வம். பேசாத பிள்ளையைப் பற்றி ஊர் பேசுவதற்குக் கேட்கவா வேண்டும்!

அன்று மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. ஆற்றங்கரை உடைந்து வெள்ளம் ஆலைக்குள் புகுந்தது. கரண்ட் போயிற்று. அம்மாக்கள் எதிர்ப்பக்கக் கட்டடத்தில் மாட்டிக்கொண்டார்கள். நடுவில் முற்றம் முழுக்கத் தண்ணீர் சுழித்து ஓடியது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அத்தை, டார்ச்சும் பிஸ்கட் டின்னும் எடுத்துவரக் கீழே ஸ்டோருக்குக் கிளம்பினாள்.

"நான் வர்ற வரைக்கும் ஒருத்தரையும் வெளிய விடாதே. உன் பொறுப்பு" என்று பெரிய பையனிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். அவனுக்கு மேனேஜர் என்று பட்டப்பெயர். அப்பாவுக்கு ஆபீசில் நாற்காலி இருக்கிறது என்பதற்காகத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பதவி.

போன அத்தை திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில், அறையின் மூலையில் தரையிலிருந்து கூரைவரை போகும் இரும்புக் குழாய்க்குள் சத்தம் கேட்டது.

டொக் டொக். டொக்.

பிள்ளைகளுக்கு ஈரக்குலை நடுங்கியது. மேனேஜர் போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னான், "தறி பெல்ட்ல மாட்டிச் செத்தானே ஒருத்தன், அவன்தான். அத்தையைப் பிடிச்சிட்டான்." அப்படி ஒருவன் செத்ததே இல்லை. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அங்கே அறையே இருண்டுதான் கிடந்தது.

டொக்குவுக்கும் பயம்தான். ஆனால் அவள் பயம் வேறு. அம்மா முன்பு வேலை பார்த்த ஆலையில் பிள்ளைகளுக்கென்று அறை கிடையாது. அம்மாவின் தறிக்குக் கீழேதான் அவள் வளர்ந்தாள். அந்த இரைச்சலில் மனுஷக்குரல் எடுபடாது. தறிக்காரர்கள் இரும்பில் தட்டித்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். இரண்டு தட்டி, கொஞ்சம் விட்டு ஒன்று தட்டினால், 'தனியா முடியல, வா.' ஒரே தட்டு என்றால், 'கேட்டுச்சு.' மாடியறையில் மற்ற எல்லாரும் ஆபீஸ், பேக்கிங்காரர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

அவள் யோசிக்கவே இல்லை. ஸ்பூனை எடுத்துக் குழாயில் ஒரு தட்டு தட்டினாள். கீழிருந்து உடனே பதில் படபடவென்று வந்தது.

செய்திருக்கக் கூடாத காரியம் அது ஒன்றுதான்.

"இவ கூப்பிடுறா! அது இவளுக்குப் பதில் சொல்லுது!" என்று யாரோ அலறினார்கள்.

"பேய் இல்ல, யாரோ மாட்டிக்கிட்டு..." என்று அவள் முடிப்பதற்குள் மேனேஜர் அவள் சட்டையைப் பிடித்துவிட்டான். "உன் ஆளுதானே? அதுகிட்டயே போ!" எல்லாருமாகச் சேர்ந்து தள்ளினார்கள். கதவு சாத்தப்பட்டது. அந்தப் பக்கம் கட்டில்களை இழுத்து முட்டுக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

படிக்கட்டில் கையே தெரியாத இருட்டு. டொக்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டேதான் இறங்கினாள். கீழ் நடையில் முழங்கால்வரை தண்ணீர். ஸ்டோருக்கு வெளியே அடுக்கியிருந்த நூல் பொதிகள் ஊறிச் சரிந்து, கதவை அமுக்கிக்கொண்டிருந்தன. ஸ்டோர் நாலு படி பள்ளம். கதவின் மேல் கம்பிவலைக்குப் பின்னால், டார்ச் வெளிச்சத்தில் அத்தையின் முகம் தெரிந்தது. கை ஓய்ந்துபோவதற்கு முன் அவளும் தறிக்காரிதான், அந்தத் தட்டு தெரிந்தவள்.

"நீயா? உன்னை யாரு வெளிய விட்டது? ஒருத்தரையும் விடாதேன்னு அண்ணன்கிட்ட சொன்னேனே!"

"நானாத்தான் வந்தேன்."

அத்தை பெருமூச்சு விட்டாள். "தண்ணி நெஞ்சுக்கு வந்துடுச்சு கண்ணு. உன் ஒருத்தியால பொதி நகராது. எல்லாரையும் கூட்டிட்டு வா. ஓடு."

பொதியைப் பிடித்து இழுத்ததில் டொக்குவின் உடம்பெல்லாம் ஈரப்பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தக் கோலத்தோடு அவள் மாடிக்கு ஓடிக் கதவைத் தள்ளினாள். ஒரு விரற்கடை திறந்தது. உள்ளே யாரோ வீறிட்டார்கள். பறந்து வந்த மரக்கட்டை ஒன்று நெற்றியைக் கிழித்தது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

"அத்தை சாகப்போறாங்க! திறங்க!" கத்தக் கத்த உள்ளே அலறல்தான் கூடியது. கீழே தட்டும் சத்தம் மெலிந்துகொண்டே போனது. தன் குரலே தனக்கு எதிரி என்று டொக்குவுக்குப் புரிந்தது. அதற்குமேல் அவள் பேசவில்லை.

தினமும் மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைக்க அத்தை ஒவ்வொரு கட்டிலின் விளிம்பிலும் மெல்லத் தட்டுவாள். நிதானமாக இரண்டு, பிறகு தொடர்ந்து மூன்று. டொக்கு கதவில் அதையே தட்டினாள். முதல் தடவை தாளம் தப்பியது. மறுபடி தட்டினாள். மறுபடியும்.

உள்ளே அலறல் அடங்கியது.

"அத்தை தட்டுறாங்க" என்றது ஒரு சின்னக் குரல். எல்லாருக்கும் இளையவள், குட்டி. "ஐயோ, கட்டிலை எடுங்க. அத்தை!"

கதவு திறந்தது. பஞ்சும் ரத்தமுமாக நின்றவளைப் பார்த்து மேனேஜர் பின்வாங்கினான். டொக்கு அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள்.

கீழே சத்தம் நின்றிருந்தது. மேனேஜர் கடைசிப் படியில் நின்றுவிட்டான். "எப்படித் தட்டணும்?" என்றான், அழாத குறையாக.

"ஒண்ணு. ஒரே ஒண்ணு."

மாடியிலிருந்து படியோரமாக இறங்கும் அதே குழாயில் அவன் தட்டினான். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு தட்டு. அவ்வளவுதான், பிள்ளைகள் பொதிமேல் பாய்ந்தார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும்போது பொதி எம்மாத்திரம்! கதவு ஓர் ஆள் நுழையும் அளவு திறக்க, அத்தை கழுத்துவரை நனைந்து, நீலம் பாரித்த உதடுகளோடு வெளியே வந்தாள்.

மாடிக்கு வந்ததும் அவள் முதலில் மேனேஜரைத்தான் கட்டிக்கொண்டாள். "சொன்ன மாதிரி எல்லாரையும் பத்திரமா வச்சிருந்தியே, ராசா." பிறகு டொக்குவின் பக்கம் திரும்பினாள். "நீ மட்டும் அண்ணன் பேச்சைக் கேக்காம இறங்கி வந்துட்டே. நல்லவேளை, நல்லதுல முடிஞ்சுது. நெத்தியில என்ன, வழுக்கிட்டியா?"

டொக்கு ஆமென்று தலையாட்டினாள். மேனேஜர் தரையைப் பார்த்தான்.

"அவ வழுக்கல, அத்தை" என்றது குட்டி. "நாங்கதான் அவளை வெளிய தள்ளினோம். கட்டையை எறிஞ்சது நான்."

அத்தையின் கை மேனேஜரின் தோளிலிருந்து மெல்ல விலகியது. அவள் டொக்குவைப் பார்த்தாள். டொக்குவின் விரல்கள் பழக்கத்தில் கட்டில் விளிம்பைத் தேடிப்போய்த் தட்டின. இரண்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.